கத்தி வெட்டவில்லையா? குறையைப் பார்த்துச் சாணை முறையைத் தேர்ந்தெடுங்கள்

கத்தி மழுங்கியதும் பலரும் முதலில் செய்வது ஆன்லைனில் ஷார்ப்பனர் தேடுவது. பிளாஸ்டிக் சாதனத்திலிருந்து ஜப்பானியக் கல் வரை வரிசையாக வந்து நிற்கும். எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். உங்கள் கத்திக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாமல் யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. விளிம்பு மடிவது ஒரு குறை. தேய்ந்து உருண்டு போவது வேறு. விளிம்பு உடைந்து பல் விழுவது வேறு. நன்றாகத் தீட்டியும் வெட்டாமல் இருப்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் தனி. குறையைக் கண்டுபிடித்துவிட்டால் எந்த முறை என்பது தானாகவே தெரிந்துவிடும், வாங்க வேண்டிய பொருளும் பெரும்பாலும் ஒன்றிரண்டோடு முடிந்துவிடும்.

சென்னையில் ஒரு சாதாரண வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஸ்டெயின்லெஸ் கத்தியையும் அரிவாள்மனையையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதுவரை கல்லையே தொடாதவருக்கும் புரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தச் சோதனை

கத்தியைக் கழுவித் துடைத்து, விளிம்பு மேலே பார்க்கும்படி பிடித்துச் செல்போன் டார்ச்சை அடியுங்கள். கூரான விளிம்பில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இருக்காது, அதனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெள்ளையாக மினுங்கும் இடமெல்லாம் மழுங்கிய இடம். பொட்டுப் பொட்டாக மினுங்கினால் அங்கங்கே நசுங்கியிருக்கிறது, நீளக் கோடாக மினுங்கினால் முழுக்கத் தேய்ந்திருக்கிறது.

அடுத்து, கட்டைவிரலின் சதையால் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக வருடுங்கள். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. இரண்டு பக்கமும் இப்படிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் விரலில் மாட்டுகிற மாதிரியும் இருந்தால், விளிம்பு மாட்டுகிற பக்கமாக மடிந்திருக்கிறது.

கடைசியாகப் பழைய செய்தித்தாள். ஒரு தாளைக் கையில் தொங்கவிட்டு, பிடியருகில் தொடங்கி நுனி வரை இழுத்து வெட்டுங்கள். எந்த இடம் வரும்போது தாள் கிழிகிறதோ, கத்தியில் அந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நன்றாக வெட்டிய கத்தி இப்போது தக்காளித் தோலில் வழுக்குகிறது

இதுதான் வீடுகளில் அதிகம் வரும் குறை. பெரும்பாலும் விளிம்பு தேய்ந்திருக்காது, மடிந்திருக்கும். கறிக்கடையில் வேலைக்கு நடுவே ஒரு கத்தியை இன்னொன்றின் மேல் சரக் சரக்கென்று இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடிந்த விளிம்பை நிமிர்த்துவதற்காகத்தான் அது. நம் வீட்டு ஸ்டெயின்லெஸ் கத்திகள் ஓரளவு மென்மையான எஃகு. சீக்கிரம் மடியும், சீக்கிரம் நிமிரவும் செய்யும்.

இதற்குக் கல் தேவையில்லை. நீளவாக்கில் மெல்லிய வரிகள் ஓடும் ஸ்டீல் ராடு போதும். ராடின் நுனியை ஒரு துணி மேல் ஊன்றிச் செங்குத்தாகப் பிடித்து, கத்தியைச் சுமார் 20 டிகிரி சாய்வில் பிடியருகில் தொடங்கி நுனி வரை கீழே இழுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு. கத்தியின் சொந்த எடையை விடக் கொஞ்சம் கூடுதலான அழுத்தம் போதும். ஓங்கி அடித்து இழுப்பது பார்க்க நன்றாக இருக்கும், விளிம்பை நசுக்கிவிடும்.

ராடு இல்லையா? பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். ஸ்டீலை விடப் பீங்கான் கடினமானது. அந்த வளையத்தில் அதே சாய்வில் மென்மையாக இழுத்தால் நிமிர்வதோடு கொஞ்சம் தீட்டவும் செய்யும். புதிதாகப் பழகுகிறவர்களை நான் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன், காசு செலவில்லை.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது கடினமான ஜப்பானிய வகைக் கத்தி என்றால் வரி போட்ட ஸ்டீல் ராடைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். அந்த எஃகு மடியாது, உடையும். பல் விழுந்துவிடும். அதற்குக் கல்தான்.

வாரா வாரம் இதே குறை வருகிறதென்றால் எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, கண்ணாடிப் பலகை இந்த மூன்றும் விளிம்புக்கு எமன். மரப்பலகைக்கு மாறினாலே பாதிக் குறை நின்றுவிடும். கறிக்கடைகளில் புளியமரக் கட்டையை வைத்திருப்பதன் காரணமும் இதுதான்: உறுதியாகவும் இருக்கும், கத்தி வாயையும் கெடுக்காது.

ராடில் எவ்வளவு இழுத்தாலும் கூர் வரவில்லை

அப்படியானால் விளிம்பு உருண்டு போய்விட்டது. நிமிர்த்த அங்கே ஒன்றும் மிச்சமில்லை, கொஞ்சம் உலோகத்தைத் தேய்த்து எடுத்துப் புது விளிம்பு உண்டாக்க வேண்டும். கல் வாங்கும் நேரம் இதுதான். புதியவருக்கு மூன்று வழி இருக்கிறது.

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல் முதலாவது. பாரிமுனைப் பக்கம் தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெருவில் கேட்டால் கிடைக்கும், தச்சு வேலைச் சாமான் விற்கும் தெருக்கடையிலும் இருக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு பக்கம் நல்ல சொரசொரப்பு, மறுபக்கம் கொஞ்சம் நைசு. கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது இது கிடைத்தது. வைரம் வரவில்லை, ஆனால் வைரத்துக்குக் கொஞ்சம்தான் குறைந்த கடினம் உள்ள ஒரு பொருள் வந்தது. நம் ஊருக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னையைச் சேர்ந்தது, திருவொற்றியூரில் சாணைப் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை வைத்திருக்கிறது. இந்தக் கல்லில் குறை ஒன்றுதான்: இதன் நைசுப் பக்கம்கூடச் சமையல் கத்திக்குச் சற்று முரடு. முடித்த பிறகு மேலே சொன்ன பீங்கான் வளையத்தில் சில இழுப்பு இழுத்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும்.

இரண்டாவது, 1000 கிரிட் தண்ணீர்க் கல். கிரிட் எண் கூடக்கூடக் கல் நைசாகும். ஒரே ஒரு கல்தான் வாங்க முடியும் என்றால் என் தேர்வு இது. மழுங்கிய கத்தியைத் தீட்டவும் செய்யும், அதே கல்லில் முடிக்கவும் செய்யலாம். 3000, 6000 எல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். 

மூன்றாவது, வைரத்தூள் பதித்த தட்டு. வேகமாகத் தேய்க்கும், குழி விழாது. ஆனால் கொஞ்சம் அழுத்தினாலும் அதிகமாகத் தின்றுவிடும். தவறைக் கவனிப்பதற்குள் உலோகம் போயிருக்கும் என்பதால் முதல் கல்லாக இதை நான் சொல்ல மாட்டேன்.

இப்போது தீட்டும் முறை. தண்ணீர்க் கல் ஊற வேண்டிய வகையா என்பது பெட்டியிலேயே இருக்கும். ஊறும் வகை என்றால் குமிழி நிற்கும் வரை தண்ணீரில் போடுங்கள். ஈரத்துணியை விரித்து அதன் மேல் கல்லை வையுங்கள், நகரக் கூடாது. சாய்வுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விளிம்பிலிருந்து முதுகு வரை கத்தியின் அகலம் எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் சாய்வு ஏறக்குறைய 20 டிகிரி. கால் பங்கு தூக்கினால் 15 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டு ஸ்டெயின்லெஸ் கத்திக்கு 20 டிகிரி, கடினமான ஜப்பானியக் கத்திக்கு 15 டிகிரி. அதாவது 45 மில்லிமீட்டர் அகலமுள்ள நம் காய்கறிக் கத்தியின் முதுகு கல்லிலிருந்து 15 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஒரு அட்டைத் துண்டை மடித்து, முதல் சில இழுப்புக்கு முன்னால் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கை தானாகப் பழகிவிடும்.

கத்தியை அடி, நடு, நுனி என்று மனதில் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக முன்னும் பின்னும் தேயுங்கள். இடது கை விரல்கள் தேய்க்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். கறுப்பாக ஒரு சேறு வரும், அதைக் கழுவாதீர்கள், அதுவும் தேய்க்க உதவும்.

எப்போது நிறுத்துவது? இத்தனை தடவை என்று கணக்கு வைத்து நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க எதிர்ப் பக்கத்தில் உலோகம் மெல்லிய பிசிறாகப் புரண்டு நிற்கும். முன்பு சொன்ன மாதிரி கட்டைவிரலால் வெளியே வருடினால் தட்டுப்படும். அடியிலிருந்து நுனி வரை ஓர் இடம் விடாமல் பிசிறு தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பிறகு திருப்பி மறுபக்கம், அங்கேயும் பிசிறு வரும் வரை. பிசிறைக் கையால் உணரத் தெரிந்துகொண்டவர் சாணை பிடிக்கக் கற்றுக்கொண்டார் என்றே சொல்லலாம். எந்தக் கல், எந்த நாட்டுக் கத்தி என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

அரை மணி நேரம் தேய்த்தேன், கொஞ்சமும் மாற்றம் இல்லை

கல் விளிம்பைத் தொடவே இல்லை. முதுகைக் குறைவாகத் தூக்கியதால் விளிம்புக்கு மேலே இருக்கும் தோள் பகுதியைத்தான் தேய்த்திருக்கிறீர்கள். மார்க்கரால் விளிம்பை ஒட்டி இரு பக்கமும் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். விளிம்போரம் மை மிச்சம் இருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். விளிம்போரம் மட்டும் அழிந்து மேலே மை அப்படியே இருந்தால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். பட்டை முழுக்க ஒரே சீராக அழிந்தால் அதுதான் சாய்வு. மை அழிவது ஒரு தடவை அப்படியும் ஒரு தடவை இப்படியும் இருந்தால் கை ஆடுகிறது. முதுகில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பைக் கொஞ்ச நாள் பயன்படுத்தலாம், அதில் தவறே இல்லை.

நுனி மட்டும் கூர் வரவில்லை என்பதும் அடிக்கடி கேட்கும் புகார். நுனிப் பக்கம் கத்தி வளைவதால் அங்கே வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும்.

தீட்டியதும் பிரமாதம், இரண்டு வெங்காயம் தாண்டினால் பழைய கதை

பிசிறு போகவில்லை. நீங்கள் கூர் என்று நினைத்தது அந்தப் பிசிறைத்தான். அது முதல் வெட்டில் ஒடியும் அல்லது மடியும். தீட்டி முடித்ததும் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கும்படி இழுங்கள். பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்திலோ மடித்த செய்தித்தாளிலோ விளிம்பு பின்னால் வரும்படி, அதாவது வெட்டும் திசைக்கு எதிராக, சில இழுப்பு. டார்ச் அடித்துப் பாருங்கள். மினுங்கும் இழை எங்காவது தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மென்மையான ஸ்டெயின்லெஸில் இந்தப் பிசிறு பிடிவாதமாக ஒட்டும், பொறுமையாகப் போக்குங்கள்.

தாளை அருமையாக வெட்டுகிறது, தக்காளியில் மட்டும் வழுக்குகிறது

அதிக நைசாக மெருகேற்றிவிட்டீர்கள். தக்காளி, குடமிளகாய் தோலுக்கு விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பற்கள் வேண்டும். 1000 கிரிட்டில் சில இழுப்பு இழுத்து அதோடு நிறுத்துங்கள்.

கூர் இருக்கிறது, ஆனால் கேரட் பிளக்கிறது, சேனைக்கிழங்கில் மாட்டிக்கொள்கிறது

வருடக்கணக்கில் விளிம்பை மட்டும் தீட்டிக்கொண்டே வந்த கத்தியில் இது வரும். விளிம்பு மேலே ஏற ஏறக் கத்தியின் தடித்த பகுதி வெட்டுமிடத்துக்கு வந்துவிடுகிறது. ஆப்பு அடித்த மாதிரி காய் பிளக்கும். இதற்கு முதுகைக் கொஞ்சமாகத் தூக்கி, விளிம்புக்கு மேல் உள்ள பகுதியைச் சொரசொரப்பான பக்கத்தில் தேய்த்து மெலிதாக்க வேண்டும். கத்தியின் மேனியில் கீறல் விழும், நேரமும் ஆகும். பழகாத கைக்கு இது வேண்டாம் என்பேன். நல்ல சாணைக்காரரிடம் கொடுத்து "விளிம்புக்கு மேலே மெலிசாக்கிக் கொடுங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

விளிம்பில் பல் விழுந்திருக்கிறது

தேங்காய் உடைத்தது, வஞ்சிரத்தின் நடுமுள்ளில் அடித்தது, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறியில் குத்தியது. காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். பல் சின்னது என்றால் கார்போரண்டம் கல்லின் முரட்டுப் பக்கத்தில் அது மறையும் வரை தேய்த்து, நைசுப் பக்கத்தில் முடிக்கலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பள்ளம் என்றால் கையால் தேய்ப்பது வீண் உழைப்பு. சைக்கிளில் சக்கரம் பூட்டித் தெருவில் வரும் சாணைக்காரருக்குச் சரியான வேலை இது. விளிம்பு முழுவதையும் பள்ளத்தின் அடிமட்டம் வரை சமமாக இறக்கிக் கொடுக்கச் சக்கரத்தால்தான் முடியும்.

அவரிடம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சூடு. சக்கரம் காய்ந்த நிலையில் சுற்றும்போது விளிம்பு சட்டென்று சூடேறும். கார்பன் ஸ்டீல் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது வைக்கோல் மஞ்சளாகும், 300 டிகிரி வாக்கில் நீலமாகும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். எத்தனை தடவை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. ஸ்டெயின்லெஸில் நிறம் மாற இன்னும் அதிகச் சூடு வேண்டும், அதனால் நிறம் தெரிவதற்கு முன்பே கெட்டுப்போகக் கூடும். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்து, "அண்ணே, லேசா பிடிங்க, நடுநடுவுல தண்ணில முக்கிக்கங்க" என்று சொல்லிவிட்டால் போதும். அனுபவமுள்ளவர்கள் சொல்லாமலே அப்படித்தான் செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் 1000 கல்லில் பிசிறை எடுத்துவிடுங்கள், அந்தக் கத்தி பல மாதம் உழைக்கும்.

ஷார்ப்பனரில் இழுத்து இழுத்து, விளிம்பு ரம்பம் மாதிரி ஆகிவிட்டது

இரண்டு கார்பைடு துண்டுகளுக்கு நடுவே கத்தியை இழுக்கும் சாதனம் உலோகத்தைச் சுரண்டித்தான் எடுக்கிறது. உடனே வெட்டும், சீக்கிரம் மழுங்கும், மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். சில வருடத்தில் பிடியருகே ஒரு திட்டும் நடுவில் பள்ளமும் விழுந்து, கத்தி பலகையில் முழுதாகப் படியாது. வெண்டைக்காய் நறுக்கினால் அடியில் தொடுத்துக்கொண்டு நிற்கும். மலிவான சின்னக் கத்திகளுக்கு இந்தச் சாதனம் போதும், நேரமில்லாத வீட்டில் மழுங்கிய கத்தியோடு போராடுவதை விட இது எவ்வளவோ மேல். நீங்கள் விரும்பி வாங்கிய நல்ல கத்தியை மட்டும் அதில் விடாதீர்கள்.

பல் வைத்த பிரெட் கத்தியை இதிலும் விடக் கூடாது, தட்டைக் கல்லிலும் தேய்க்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் பொருந்தும் மெல்லிய உருண்டை ராடால் தனித்தனியாகத் தீட்ட வேண்டும். அடிக்கடி தேவைப்படாது.

அரிவாள்மனை மழுங்கிவிட்டது, துருவும் ஏறுகிறது

இங்கே அலகு அசையாது, கல்தான் அசைய வேண்டும். மனையைக் காலால் அல்ல, சுவரோடு அணைத்து நிறுத்திக்கொண்டு, கையடக்கமான கல்லை ஈரப்படுத்தி, விளிம்பை நோக்கி வராமல் விளிம்பிலிருந்து விலகிப் போகும் திசையில் இழுங்கள். கல்லைப் பிடித்த விரல்கள் கல்லின் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உட்பக்கம் வளைந்த இடத்தில் தட்டைப் பரப்பு படியாது, கல்லின் உருண்டையான ஓரத்தைப் பயன்படுத்துங்கள். பிசிறு விதி இங்கேயும் அதேதான். நுனியில் இருக்கும் தேங்காய்த் துருவியைக் கல்லில் தேய்க்காதீர்கள். அதன் பற்களுக்கு நடுவே சின்ன முக்கோண அரம் போட வேண்டும்.

பழைய அரிவாள்மனைகள் பெரும்பாலும் கார்பன் இரும்பு. திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் மாதிரிக் கடற்காற்று வீசும் இடங்களில் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் துரு. மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கிய பிறகு உடனே கழுவித் துடைக்க வேண்டும். லேசான துருவைப் புளியால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். விளிம்பில் துரு இருக்கும்போதே தீட்டத் தொடங்காதீர்கள், துருத்தூள் கல்லின் துளைகளை அடைக்கும்.

கல்லே சரியாகத் தேய்க்கவில்லை

நடுப்பகுதியை மட்டும் தேய்த்துப் பழகினால் கல்லில் குழி விழும். குழி விழுந்த கல்லில் சாய்வு ஒரு சீராக நிற்காது. கல் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, சமமான கண்ணாடி மேல் ஒட்டிய வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. சொரசொரப்பே தெரியாமல் வழவழப்பாக மினுங்கும் கல்லுக்கு உலோகத்தூள் அடைப்புதான் காரணம். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தால் திறந்துகொள்ளும்.

சமையல் எண்ணெயைக் கல்லில் ஊற்றாதீர்கள், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் கெட்டியாகிவிடும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் தையல் மிஷின் எண்ணெய். ஒருமுறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது, அதனால் கார்போரண்டம் கல் வாங்கிய அன்றே தண்ணீரா எண்ணெயா என்று முடிவு செய்து அதையே கடைசி வரை பயன்படுத்துங்கள். தண்ணீர்க் கல்லை ஈரத்தோடு டப்பாவில் மூடாமல் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.